கொஹிமாவுக்குப் போன கருவாட்டுக் குழம்பு

நாகாலாந்துக்குள் நுழைய வாங்கிய அனுமதிச் சீட்டு சொன்னது: பெயர், சரோஜம்மா. வயது, எண்பத்திரண்டு. ஊர், கோலார் தங்கவயல். வருகையின் நோக்கம், சுற்றுலா. சிறப்பு ஆர்வம், போர்க் கல்லறைகளும் ராணுவ வரலாற்றுத் தலங்களும்.

இதில் பெயரும் ஊரும் சரி. வயதில் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். மீதியைக் கம்ப்யூட்டரில் நிரப்பியவர் மருமகன் மனோகர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, சீட்டில் இருந்த கட்டங்கள் அப்படி. சரோஜம்மாவின் சுற்றுலா அனுபவம் திருப்பதியில் ஒரு மொட்டையோடு முடிந்துபோனது. பங்காருபேட்டை ஸ்டேஷனுக்குப் பல தடவை போயிருக்கிறார், ஆனால் ரயில் ஏற அல்ல, ஏற்றிவிட. ராணுவத்தின் மேல் அவருக்கு இருந்த ஆர்வம் என்னவென்றால், டிவியில் குடியரசு தின அணிவகுப்பு வந்தால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவார்.

காரணம், அவருடைய அப்பா பட்டாளத்துக்குப் போனவர்.

அப்பா காத்தவராயன், தங்கச் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கிற வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் பாலம் கட்டவும் பாலம் உடைக்கவும் அப்படிப்பட்ட ஆள்கள் தேவைப்பட்டார்கள். மகள் பிறந்த சில மாதத்தில் பெங்களூர் போய்ப் பேர் கொடுத்தார், பர்மா பக்கம் அனுப்பினார்கள், திரும்பி வரவில்லை. இறந்துவிட்டதாகச் செய்தி சொல்ல, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனுக்கு ஒருவர் வந்தார். அம்மா தாயம்மா வாசலில் நின்று மூன்று கேள்வி கேட்டாராம்.

“உடம்பப் பாத்தியா? மொகத்தப் பாத்தியா? மண்ணு போட்டியா?”

வந்தவர் மூன்றுக்கும் இல்லை என்றார். “அப்பறம் இன்னாத்துக்கு வந்த?” என்று தாயம்மா கதவைச் சாத்திவிட்டார். பிணத்தின் முகத்தைப் பார்த்து, குழிக்குள் மூன்று கை மண் போட்டால்தான் அந்த லைனில் ஒருவர் இறந்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகு தாயம்மா தீர்ப்பு எழுதிவிட்டார்: அந்த ஆள் சாகவில்லை, ரங்கூனில் ஒரு பர்மாக்காரியோடு குடித்தனம் நடத்துகிறான்.

இந்தத் தீர்ப்புக்குப் பல வசதிகள் இருந்தன. தாலி கழுத்திலேயே இருந்தது, பொட்டும் இருந்தது. திட்டுவதற்கு ஒரு ஆளும் கிடைத்தார். குறை ஒன்றே ஒன்று. அந்த லைனில் இறந்தவர்களைப் புதைப்பார்கள். பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் குடும்பம் குடும்பமாக இடுகாட்டுக்குப் போய்ப் புல்லைச் செதுக்கி, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செத்தவர் உயிரோடு இருந்தபோது எதை ஆசையாகத் தின்றாரோ அதைச் சமைத்து இலையில் படைப்பார்கள். வருஷத்துக்கு ஒரு வேளைதான் அவர்களுக்குச் சாப்பாடு. தாயம்மா தன் மாமனாருக்கு மாட்டுக்கறி வைத்தார், மாமியாருக்குச் சுருட்டு வைத்தார், பக்கத்து வீட்டில் காய்ச்சலில் போன பெண் குழந்தைக்குக்கூட ஒரு பிஸ்கட் வைத்தார். புருஷனுக்கு மட்டும் இல்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு எப்படிப் படைப்பது? ஆக, செத்துப்போனவர்களை அந்த வீட்டில் ஆண்டுதோறும் எதிர்பார்த்தார்கள். உயிரோடு இருப்பவரை ஒரு நாளும் எதிர்பார்க்கவில்லை.

சரோஜம்மாவுக்கு அப்பாவைத் தெரிந்ததெல்லாம் வசவு வழியாகத்தான். “அப்பனாட்டம் கருவாடு இல்லன்னா சோறு எறங்காது இதுக்கு” என்று தட்டை நகர்த்தும்போது அம்மா சொன்னதில், அப்பாவுக்குக் கருவாடு பிடிக்கும் என்று தெரிந்தது. “அப்பனாட்டம் வாயில சீட்டி”, “அப்பனாட்டம் முணுக்குன்னா கோவம்.” ஒரு புகைப்படம் கிடையாது. அம்மா திட்டாமல் இருந்திருந்தால் அந்த மனிதர் இருந்ததற்கே தடயம் இருந்திருக்காது.

தாயம்மா சாகும்போது மகளுக்கு வயது நாற்பத்துச் சில்லறை. தண்ணீர் கேட்பதற்கு முன்னால் சொன்னாராம்: “நான் போனதும் அந்த ஆளுக்குச் சோறு கீறு வெக்காதடி. இருக்கறவனுக்கு இன்னா படையலு? வந்தா தானா தின்னுட்டுப் போறான்.” லைன் பெண்கள் குங்குமம் வைத்து, மஞ்சள் பூசி, சுமங்கலியாகவே புதைத்தார்கள்.

புதைத்துவிட்டு வந்த அன்று பக்கத்து வீட்டுக் கங்கம்மா, வாய் நிறைய வெற்றிலையோடு, இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“உங்கம்மா வாயாலதான் அந்த மனுசன் போனாரு, தெரியுமா ஒனக்கு? ஷிப்டுக்குப் போறப்ப கருவாட்டுக் கொழம்பு கேட்டாரு. கைப்புள்ளக்காரி, ராத்திரியெல்லாம் நீ அழுதுகினே கெடந்த. ‘பச்ச ஒடம்புக்காரிகிட்ட கருவாடு கேக்குது மூஞ்சி, எங்கனா போய்த் தொல’ன்னா. அவரு சோத்துத் தூக்க வெச்சிட்டு அப்டியே போனாரு. சொரங்கத்து ஷாப்டுக்குப் போவல, ரயிலுக்குப் பூட்டாரு.”

சரோஜம்மாவுக்கு அன்று புரிந்தது. அந்த ஆள் செத்திருந்தால், போய்த் தொலை என்று சொன்னவள் தாயம்மா. ரங்கூனில் இருந்தால், தொலைந்துபோனது அவன் குற்றம். பர்மாக்காரி ஒருத்தி இருந்தே ஆகவேண்டியிருந்தது.

புரிந்த பிறகும் சரோஜம்மா ஒன்றும் செய்யவில்லை. அம்மா சொல் ஒரு பக்கம். அப்பா மேல் கோபம் ஒரு பக்கம். பள்ளிக்கூடத்தில் ‘பர்மாக்காரன் பொண்ணு’ என்று கூப்பிட்டதை மறக்க முடியவில்லை. பிறகு கம்பெனி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. தங்கவயலிலேயே பாலகாட் சுரங்கத்தில் வேலை செய்த கணவர் நெஞ்சில் தூசியோடு இருமி இருமிப் போனார். அவருக்கு வருஷா வருஷம் படையல் உண்டு, அரை பாட்டில் பிராந்தியோடு. இலை போடும்போதெல்லாம் அப்பாவுக்கும் ஒன்று போடலாமா என்று யோசிப்பார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார். அடுத்த வருஷங்கள் நாற்பது ஆகிவிட்டன.

இப்போது மனோகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரோஜம்மாவின் மகள் நளினியைக் கட்டியவர். கனரக எந்திரத் தொழிற்சாலையில் ராணுவ லாரிகள் செய்து ஓய்வுபெற்றவர். கூட வேலை பார்த்தவர்கள் காசிக்குப் போன வயதில் இவர் பிளாசிக்குப் போனார். ஸ்ரீரங்கப்பட்டணம், வேலூர்க் கோட்டை, கார்கில் என்று எங்கே ரத்தம் சிந்தியதோ அங்கெல்லாம் தண்ணீர் பாட்டிலோடு போய் நின்று படம் எடுத்துக்கொள்வார். வீட்டில் எறும்பை மிதிக்கமாட்டார். அப்படித்தான் ஒரு தடவை கொஹிமா போர்க் கல்லறைக்குப் போனவர், உச்சியில் ஒரு நினைவுச் சுவரில் காத்தவராயன் என்ற பெயரைப் பார்த்திருக்கிறார். மதராஸ் சாப்பர் படை, பாலமும் வெடியும் பார்க்கிற பிரிவு. அங்கிருந்தவரைக் கேட்டதற்கு, பதிவேட்டைப் புரட்டி, ஊர் கோலார் தங்கவயல் என்றார்.

வந்ததும் சொல்லவில்லை. இந்தப் பொங்கலுக்கு இடுகாட்டில், தாயம்மா கல்லறைக்குச் சரோஜம்மா சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார். சுண்ணாம்பு மட்டை நின்றது.

“மாப்ள, நீங்க பாத்தீங்களா? கண்ணால?”

“பேரப் பார்த்தேன் அத்தே. கல்லுல வெட்டி வச்சிருக்காங்க.”

“கல்லு கீதா?”

“இருக்குதே.”

கல் என்றால் அந்த இடத்தில் ஒரே பொருள்தான். சரோஜம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். மனோகர் திருத்தவில்லை. திருத்த வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. சுடுகாட்டையும் இடுகாட்டையும் பற்றியது அது. அதை அந்த இடத்தில் நின்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“கூட்டிகினு போங்க என்ன,” என்றார் சரோஜம்மா.

நளினி கத்தினாள். “இம்மா, முட்டி வலிக்குதுன்னு ரேஷன் கடைக்குப் போவமாட்ட, நாகாலாந்து போறியா? எங்க கீதுன்னு தெரியுமா ஒனக்கு?”

“ரங்கூனுக்கு இந்தாண்ட தானேடி? எண்பது வருசமா ரங்கூன்னு சொன்னாங்க. இப்ப கொஞ்சம் கிட்ட வந்துகீது.”

மூட்டையில் இரண்டு புடவை, ஒரு கம்பளி, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் வாங்கிய சுண்ணாம்புப் பொடி, வெள்ளையடிக்கும் மட்டை, புளி, மிளகாய்த் தூள், எவர்சில்வர் தூக்கு, பிறகு நல்ல நெத்திலிக் கருவாடு. கருவாட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, அதைத் துணியில் சுற்றி, டப்பாவில் அடைத்திருந்தார். கருவாடு இதையெல்லாம் மதிக்கவில்லை. ஒடிசா தாண்டுவதற்குள் ஏ.சி. பெட்டி முழுக்க அதற்குச் சொந்தமாகிவிட்டது. பெங்களூரில் ஹோட்டல் வேலை பார்த்து அசாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் அரைகுறைக் கன்னடத்தில் கேட்டார்: “ஏதோ செத்துப்போன நாத்தம் வருதே அம்மா?”

சரோஜம்மா முழுக் கன்னடத்தில் பதில் சொன்னார்: “ஆமாப்பா, செத்துத்தான் போச்சு. அதுக்குத்தான் போய்கினு கீறோம்.”

கௌஹாத்தி, திமாப்பூர், பிறகு மலைப்பாதையில் குலுங்கும் ஒரு ஜீப். கொஹிமாவில் இறங்கியபோது சரோஜம்மாவின் முட்டி இரண்டும் தனித்தனியாகப் புகார் சொல்லின. தங்கிய வீட்டின் சொந்தக்காரி கரோலின், பருத்த உடம்பும் சிரித்த முகமுமாக வாசலுக்கு வந்தவர், மூட்டையை மோந்து பார்த்தார். மனோகர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். கரோலின் அவரைத் தள்ளிவிட்டு டப்பாவைத் திறக்கச் சொன்னார்; ஒரு நெத்திலியை எடுத்துக் கடித்துப் பார்த்தார்; உள்ளே ஓடிப்போய்த் தன் வீட்டுக் கருவாட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இவ்வளவு தூரத்தில் மூக்கைப் பிடிக்காத முதல் மனுஷி. மறுநாள் காலை அடுப்பு சரோஜம்மாவுக்கு விடப்பட்டது. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பாஷையில் பேசிக்கொண்டே சமைத்தார்கள். சண்டை வரவில்லை, ஒருவர் சொன்னது ஒருவருக்குப் புரியாததால் இருக்கலாம்.

கல்லறை ஊருக்கு நடுவில், மலைச் சரிவில், படிப்படியாக ஏறுகிறது. பூச்செடி, வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாகப் பெயர் பதித்த கற்கள். இத்தனை சுத்தமான இடுகாட்டைச் சரோஜம்மா பார்த்ததில்லை. வெள்ளை அடிக்காத கல்லறைகளைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. “இத்தன பேரு பெத்த புள்ளைங்க, ஒரு கை சுண்ணாம்புக்கு நாதியில்ல பாருங்க மாப்ள.”

நடுவில் ஓர் இடத்தில் புல்தரையில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. மனோகருக்குக் குரல் ஏறியது.

“இதான் அத்தே, அந்த டென்னிஸ் கோர்ட்டு! துரை வீட்டுக் கோர்ட்டு. அந்தாண்ட ஜப்பான்காரன், இந்தாண்ட நம்ம பட்டாளம். பந்து போடற தூரத்துல குண்டு போட்டுகிட்டாங்க. உலகப் போர்லயே முக்கியமான எடம்.”

“ஆட்டத்துல யாரு கெலிச்சாங்க?”

“நாமதான்.”

“கெலிச்சவங்களா இங்க படுத்துகினு கீறாங்க?” என்று கேட்டுவிட்டுச் சரோஜம்மா அடுத்த படிக்குக் கையை ஊன்றினார்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அங்கே கல்லறை எதுவும் இல்லை. பெயர்கள் நிறைந்த ஒரு நினைவுச் சின்னம் மட்டும் நின்றது. மனோகர் விரலால் தேடி ஓர் இடத்தில் நிறுத்தினார். சரோஜம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. கிட்டப் போய், மருமகன் விரலை எடுத்த இடத்தில் தன் விரலை வைத்தார். பிறகு குனிந்து கீழே பார்த்தார். சுற்றிவந்து பின்பக்கமும் பார்த்தார்.

“ஆளு எங்க?”

மனோகர் தண்ணீர் குடித்தார்.

“மாப்ள, ஒங்களத்தான் கேக்கறேன். கல்லு கீது. ஆளு எங்க கீறாரு?”

“அத்தே… இங்க பொதைச்சது கிறிஸ்துவங்க, முஸ்லிம்ங்கள. இந்து, சீக்கியருன்னு பேரு இருந்தா எரிச்சிட்டாங்க. அப்ப அதான் ரூல்ஸ். எரிச்சவங்களுக்கு எடம் கெடையாது, பேரு மட்டும்.”

“எரிச்சிட்டாங்களா?”

“மரியாதையாத்தான் செஞ்சிருப்பாங்க. அவங்க மதப்படி…”

“எந்த மதப்படி? எங்க ஜனத்துல யாரு எரிச்சாங்க? யாரக் கேட்டு எரிச்சாங்க?”

கேட்கவேண்டியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகியிருந்தது. ஒரு மனிதனை அவன் மதத்துக்கு ஏற்ற மரியாதையோடு அனுப்பிவைக்கப் பட்டாளம் ஒரு விதி வைத்திருந்தது. அந்த விதிக்குக் காத்தவராயனின் ஜனம் எப்படிச் சாகிறது என்பது தெரியாது. நல்லெண்ணத்தில் குறை இல்லை. உடம்புதான் இல்லை.

சரோஜம்மா புல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார். அழுவார் என்று துண்டை எடுத்து வைத்திருந்த மனோகர் பயந்துபோனார்.

“அம்மாதான் கெலிச்சா. ஒடம்பப் பாத்தியா, மொகத்தப் பாத்தியா, மண்ணு போட்டியான்னு கேப்பா இல்ல? இம்மாந்தூரம் வந்தும் மூணுக்கும் இல்லன்னுதான் சொல்லணும்.”

ஆனாலும் வந்த வேலையை விடுவதாக இல்லை. பெயருக்காவது வெள்ளை அடிக்கலாம் என்று சுண்ணாம்புப் பொட்டலத்தை அவிழ்க்கப் போனார். கீழ்த் தட்டில் செடி வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் கத்தரியோடு ஓடிவந்தார். மனோகரின் இந்தியும் தோட்டக்காரரின் இந்தியும் நடுவழியில் எப்படியோ சந்தித்தன. பூ வைக்கலாம். மெழுகுவத்தி வைக்கலாம். கல்லுக்கு எதுவும் பூசக்கூடாது. சாப்பாடு படைக்கக்கூடாது, கற்பூரம் கூடவே கூடாது.

“டென்னிஸ் ஆடற எடத்துக்கு வெள்ள அடிச்சி வெச்சிகீறாங்களே, அது மட்டும் ஆவுமான்னு கேளுங்க,” என்றார் சரோஜம்மா.

மனோகர் கேட்டார். தோட்டக்காரர் கோர்ட்டைத் திரும்பிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். அது மேலே இருப்பவர்கள் சொன்னது என்றார்.

“எங்கயும் அதே மேல கீறவங்கதான். விடுங்க. சுண்ணாம்பு அம்மாளுக்கு ஆவும்.” பொட்டலத்தை மடித்து மூட்டையில் போட்டார்.

காலையில் சமைத்ததை நிரப்பிய தூக்கு மட்டும் மடியில் இருந்தது. படைக்கக்கூடாது என்கிறான் தோட்டக்காரன். படைக்காதே என்றாள் அம்மா. படைப்பதற்குக் கல்லறையும் இல்லை. எண்பது வருஷம் பட்டினி கிடந்தவருக்குச் சோறும் குழம்பும் சுமந்து வந்தாகிவிட்டது, கொடுக்க வழி இல்லை. சரோஜம்மா வெகுநேரம் தூக்கின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, அதைத் திறக்காமல், அப்பாவின் பெயருக்கு நேர் கீழே வைத்தார். இலை போடவில்லை, விபூதி இல்லை, கும்பிடவும் இல்லை.

தோட்டக்காரர் வாயைத் திறந்தார்.

“படையல் இல்லன்னு சொல்லுங்க மாப்ள. ஷிப்டு சோறு. எங்க ஊர்ல ஆம்பளைங்க சொரங்கத்துலருந்து கேஜ்ல மேல வர்ற வரைக்கும் பொம்பளைங்க ஷாப்டுகிட்ட தூக்கு வெச்சிகினு நிப்போம். நானே எங்க ஆளுக்கு பாலகாட்ல எத்தன நாளு நின்னுகீறேன். உயிரோட கீறவனுக்குத்தான் ஷிப்டு சோறு. செத்தவனுக்கு இல்ல.”

மனோகர் இதை இந்தியில் எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. சுரங்கம், பசி, அப்பா என்ற மூன்று சொற்கள் அதில் இருந்தன. தோட்டக்காரர் தூக்கைப் பார்த்தார், கிழவியைப் பார்த்தார். மூடி திறக்கக்கூடாது, சாயங்காலம் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்றார். தன் செடிக்குத் திரும்பிவிட்டார்.

மத்தியானம் முழுக்கச் சரோஜம்மா அந்தச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். வெளிநாட்டுத் தம்பதி ஒன்று தூக்கைத் தாண்டும்போது ஒதுங்கி நடந்தது. மனோகர் கீழே போய் எல்லாப் பலகைகளையும் வாசித்துவிட்டு வந்தார். இன்னொரு தடவை போய் வாசித்தார்.

வெயில் சாய்ந்ததும் தோட்டக்காரர் கீழே இருந்து கையைக் காட்டினார். சரோஜம்மா தூக்கைத் திறந்தார். சோறு ஆறிக் கட்டியாகியிருந்தது. குழம்பின் மேல் எண்ணெய் உறைந்திருந்தது.

“துண்ணல,” என்றார்.

“அத்தே…”

“அம்மா செத்த வருசமே வெச்சிருக்கணும் மாப்ள. அப்ப எனுக்குக் காலு நல்லா இருந்துச்சி. தாயம்மாளுக்குப் பயந்தேன்னு சொல்லிக்கலாம், ஆனா அது பொய். எனுக்கே அவருமேல காண்டு. ஒரு பொங்கலுக்கு ஒரு கை சோறு. இன்னா கொறஞ்சிருப்பேன்?”

உலகப் போரைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனோகர், செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டார்.

“நீங்களாவது கல்லு கீதுன்னு சொல்றப்ப ஆளு இல்லன்னு சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா வந்திருக்கமாட்டீங்க அத்தே.”

“வந்திருக்கமாட்டேன்தான்,” என்றார் சரோஜம்மா. அது அவருக்குக் கோபமா சமாதானமா என்று மனோகருக்கு இன்றுவரை தெரியாது.

இறங்கும்போது படிகள் இன்னும் கஷ்டமாக இருந்தன. தூக்கை வாங்கிக்கொள்கிறேன் என்று மனோகர் இரண்டு தடவை கேட்டார், கொடுக்கவில்லை. அன்று இரவு கரோலின் அந்தச் சோற்றைச் சூடுபண்ணி மூன்று தட்டில் போட்டார். இரண்டு பேர் சாப்பிட்டார்கள். சரோஜம்மா தனக்கு வைத்ததைத் தொடவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு லைனில் கேட்டவர்களுக்கு நளினிதான் பதில் சொன்னாள்: தாத்தா கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தாங்க, படையல் போட்டாங்க, வெள்ளை அடிச்சாங்க. கேட்பவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. சரோஜம்மா மறுக்கவில்லை.

அவர் செய்தது இது: தன் அப்பாவுக்குக் கருவாட்டுக் குழம்பும் சோறும் சமைத்துத் தூக்கில் கொண்டுபோய் அவர் பெயருக்குக் கீழே வைத்தார், சாயங்காலம் வரை காத்திருந்தார், அவர் வராததால் எடுத்துக்கொண்டு திரும்பினார்.